புள்ளி போட்ட சோளமும் குதிக்கிற ஜீனும்

போன வருஷம் அக்டோபர்ல இங்க ஒரு கடையில மூணு டாலர் குடுத்து ஒரு மக்காச்சோளக் கதிர் வாங்கினேன். சாப்பிட இல்ல. நான் இருக்குறது அமெரிக்காவோட நடுமேற்குல, கார எடுத்துட்டு எந்தப் பக்கம் போனாலும் சோளம் இல்லன்னா சோயா. இலையுதிர் காலம் வந்துட்டா வாசல்ல பூசணிக்காய் வைப்பாங்க, கூடவே கலர் கலரா காஞ்ச கதிர மூணு மூணா கட்டித் தொங்க விடுவாங்க, அதுக்குப் பேரு 'இந்தியன் கார்ன்'. நமக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, கொலம்பஸ் வழிதவறி வந்து வெச்ச பேரோட மிச்சம்.

நான் பெரம்பலூர்ப் பக்கம். எங்க ஊர்ல மக்காச்சோளம்னா மஞ்சள், அவ்ளோதான். கடையில ஹைப்ரிட் விதை வாங்கி, போட்டு, படைப்புழுவோட மல்லுக்கட்டி, அறுத்து, காயவெச்சு, மூட்டை கட்டி நாமக்கல் கோழித்தீவனத்துக்கு ஏத்தி விட்டா கதை முடிஞ்சுது. அதனால வீடியோ கால்ல அப்பாகிட்ட இந்தக் கதிர காட்டுனதும் அவர் கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு, "என்னடா, பூச்சி வெச்ச கதிரெல்லாம் காசு குடுத்து வாங்கிட்டு இருக்க?"ன்னாரு.

"பூச்சி இல்லப்பா, ஜீன் குதிச்சது."

"எது குதிச்சது?"

ஜெனடிக்ஸ் லேப்ல உக்காந்து தானியங்களோட டிஎன்ஏ டேட்டாவோட மல்லாடுறதுதான் எனக்குச் சோறு போடுது, ஆனா அன்னிக்கு போன்ல அஞ்சு நிமிஷம் திக்கித் திணறி ஒண்ணும் ஒழுங்கா சொல்ல முடியல. அதான் இந்தப் போஸ்ட். அப்பா படிப்பாரான்னு தெரியல, நீங்க படிங்க.

முதல்ல அந்தக் கதிரப் பாக்கலாம். என்கிட்ட நகைக்கடையில வெச்சிருக்குற மாதிரி ஒரு சின்ன லென்ஸ் இருக்கு, அத வெச்சு மணி மணியா பாத்தேன். சில மணி முழு ஊதா, சிலது வெளிர் மஞ்சள். நடுநடுவுல சில மணி இருக்கு பாருங்க, வெள்ளைச் சட்டையில இங்க் பேனாவ உதறுன மாதிரி மணி பூரா ஊதாப் புள்ளி. இன்னும் உத்துப் பாத்தா ஒரு மணியில இருக்குற புள்ளிக்கும் பக்கத்து மணியில இருக்குற புள்ளிக்கும் சைஸ் வேற. ஒண்ணுல ஊசி முனையால குத்துன மாதிரி பொடிப் பொடியா நூறு புள்ளி, இன்னொண்ணுல மணியில கால்வாசிய அடைச்சுக்கிட்டு ஒரே ஒரு பெரிய திட்டு. அதுக்கும் மேல கதிர் நுனிப் பக்கம் நாலஞ்சு மணியில புள்ளியே இல்ல, சிவப்புக் கோடு. எல்லாக் கோடும் மணியோட உச்சியில ஒரு இடத்துலேர்ந்து கிளம்பி விசிறி மாதிரி கீழ இறங்குது. கதிர்லேர்ந்து முடி மாதிரி தொங்கும்ல, அதுல ஒரு முடிக்கு ஒரு மணின்னு கணக்கு, அந்த முடி வந்து ஒட்டியிருந்த இடம்தான் அந்த உச்சி.

புள்ளி எப்படி வருதுன்னா, மணியோட தோலுக்கு அடியில மாவுப் பகுதிக்கு மேல உறை மாதிரி ஒரு அடுக்கு இருக்கு, ஒரே ஒரு செல் கனம்தான். ஊதாச் சாயம் அதுலதான் ஊறும். கத்திரிக்காய்த் தோல்லயும் நாவல்பழத்துலயும் இருக்குற அதே ஆந்தோசயனின் ஜாதி. சாயம் தயாரிக்க வேண்டிய ஜீன்ல ஒண்ணுக்குள்ள வேற எங்கேயோ கிடந்த ஒரு டிஎன்ஏ துண்டு வந்து உக்காந்துட்டா ஜீன் கெட்டுப்போகும், மணி வெளிறிடும். இதுவரைக்கும் சாதாரணக் கதைதான். ஆனா அந்தத் துண்டு உக்காந்த இடத்துலயே இருக்குற ஆள் இல்ல. மணி வளரும்போது செல் ரெண்டாகி நாலாகி எட்டாகிப் பெருகிட்டே போகும்ல, நடுவுல ஏதோ ஒரு செல்லுல அது எந்திரிச்சு வேற இடத்துக்குப் போயிடும். அந்த செல்லுல ஜீன் பழையபடி ஓட ஆரம்பிக்கும், அந்த செல்லுக்குப் பொறக்குற எல்லா செல்லும் ஊதா. ஆரம்பத்துலயே எந்திரிச்சிருந்தா வாரிசு ஜாஸ்தி, பெரிய திட்டு. கடைசி நேரத்துல எந்திரிச்சிருந்தா நாலு செல்லு, பொடிப்புள்ளி. அதாவது புள்ளியோட சைஸப் பாத்தே அது எப்போ கிளம்புச்சுன்னு சொல்லிடலாம். மூணு டாலர் கதிர்ல ஒவ்வொரு மணியும் தன்னோட வளர்ச்சிக்கு ஒரு லாக் ஃபைல் எழுதி வெச்சிருக்கு. எனக்கு இது இன்னும் சலிக்கல, எத்தனை தடவ பாத்தாலும்.

கோடு போட்ட மணி வேற விஷயம். அந்தச் சிவப்பு இருக்குறது மேல்தோல்ல, மேல்தோல் தாய்ச்செடியோட உடம்பு, உள்ள இருக்குற புள்ளி அடுக்குதான் பிள்ளையோடது. ஒரே மணியில அம்மா உடம்புல நடந்த குதியும் பிள்ளை உடம்புல நடந்த குதியும் தனித்தனியா தெரியுது. (உஷார்: புள்ளி இருக்குற எல்லா மணியிலயும் ஜீன் குதிச்சிருக்குன்னு சத்தியம் பண்ணிடாதீங்க. சாயத்துக்கான ஆர்-னு ஒரு ஜீன் இருக்கு, அது மகரந்தம் வழியா அப்பாகிட்டேர்ந்து வந்தா மணி திட்டுத்திட்டாவும் அம்மா வழியா வந்தா முழு கலராவும் வரும், அங்க குதியல் எதுவும் இல்ல. லேப்ல இதுல ஏமாந்தவங்க நிறைய பேர், நானும் சேத்தி.)

புள்ளிக்குப் பின்னாடி துண்டு குதிக்குதுங்கறத முதல்ல படிச்சுச் சொன்னவங்க பார்பரா மெக்கிளின்டாக்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி. 1902ல பொறந்தவங்க, கார்னெல் பல்கலைக்கழகத்துல படிச்சவங்க. மக்காச்சோளத்துக்கு 10 ஜோடி குரோமோசோம் (செல்லுக்குள்ள டிஎன்ஏவ சுருட்டி வெச்ச கட்டு), அத மைக்ரோஸ்கோப்ல பாத்து ஒண்ணு ஒண்ணா பிரிச்சு அடையாளம் சொன்னதே இந்தம்மாதான். 1940கள்ல நியூயார்க் பக்கத்துல கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆராய்ச்சிக்கூடத்துல சின்னதா ஒரு சோளக்கொல்லை வெச்சுக்கிட்டு, விதைச்சு, களையெடுத்து, ஒவ்வொரு கதிருக்கும் காகிதப் பை மாட்டி, கையால மகரந்தம் தூவி வேலை பாத்தாங்க. சில செடியில 9ஆம் குரோமோசோம் எப்பப் பாரு ஒரே இடத்துலயே உடையுது. அந்த இடத்துல ஏதோ இருக்குன்னு அதுக்கு டிஸ்ஸோசியேஷன்னு பேரு வெச்சாங்க, சுருக்கமா டிஎஸ். அது தானா உடைக்காது, கூட இன்னொண்ணு இருந்தாத்தான் உடைக்கும், அது ஆக்டிவேட்டர், சுருக்கமா ஏசி (நம்ம வீட்டு ஏசி இல்ல). அப்புறம் ஒரு செடியில பாத்தா உடையுற இடம் மாறிப்போச்சு. டிஎஸ் இருந்த இடத்துல இல்ல, சாய ஜீனுக்குள்ள போய் உக்காந்திருக்கு, அந்தக் கதிர்ல புள்ளி மணி. குரோமோசோம்ல ஜீன்கள் மாலையில கோத்த மணி மாதிரி அவங்கவங்க இடத்துல இருக்கும்னு எல்லாரும் பாடம் நடத்திட்டு இருந்த காலம் அது.

1950ல கட்டுரை, 1951ல அங்கயே ஒரு கருத்தரங்குல பேச்சு. அதுக்கப்புறம் நடந்ததா இன்டர்நெட்ல சுத்துற கதை: எல்லாரும் சிரிச்சாங்க, பைத்தியம்னாங்க, 30 வருஷம் ஒதுக்கி வெச்சாங்க, கடைசியில நோபல் குடுத்தாங்க. கேக்க நல்லா இருக்கு, பாதிதான் உண்மை. 1944லயே அவங்கள அமெரிக்காவோட தேசிய அறிவியல் அகாடமியில சேத்துட்டாங்க, அடுத்த வருஷம் ஜெனடிக்ஸ் சொசைட்டிக்கே தலைவர், 1970ல நேஷனல் மெடல் ஆஃப் சயின்ஸ். ஊரே ஒதுக்கி வெச்ச ஆளுக்கு இதெல்லாம் கிடைக்குமா? சோளத்துல துண்டு இடம் மாறுதுங்கறத சோள ஆராய்ச்சிக்காரங்க ஓரளவு ஏத்துக்கிட்டாங்க. ஆனா அந்தம்மாவுக்கு முக்கியம் வேற, இந்தத் துண்டுங்கதான் ஜீன்கள எப்போ ஓடணும் எப்போ நிக்கணும்னு கட்டுப்படுத்துது, ஒரு செல்லு வேராகுறதா இலையாகுறதாங்கறதே இப்படித்தான் முடிவாகுதுன்னு அவங்க சொன்னாங்க. அதத்தான் யாரும் வாங்கிக்கல, அந்த அளவுக்கு அது உண்மையும் இல்லன்னுதான் இன்னிக்கு வரைக்கும் தெரியுது. அப்புறம் 60கள் கடைசியில பாக்டீரியாவுலயும் இந்த மாதிரி குதிக்கிற துண்டு இருக்குன்னு தெரிய, ஈயில கண்டுபிடிக்க, எங்க தோண்டினாலும் இதே கதைன்னு ஆச்சு. 1983ல மருத்துவ நோபல், யாரோடயும் பங்கு போடாம தனியா, அப்போ வயசு 81. அதே வருஷம்தான் ஏசி துண்டையே சோள டிஎன்ஏலேர்ந்து பிரிச்செடுத்தாங்க, நாலாயிரத்து ஐநூறு எழுத்துக்குக் (டிஎன்ஏங்கறது நாலே எழுத்துல எழுதுன நீளமான வரி, அந்த எழுத்து) கொஞ்சம் மேல, அவ்ளோதான் அதோட மொத்த நீளம்.

ஏசிக்கும் டிஎஸ்ஸுக்கும் என்ன உறவுன்னா, ஏசிக்குள்ள டிரான்ஸ்போசேஸ்னு ஒரு என்சைம் தயாரிக்கிற ஜீன் இருக்கு, துண்டோட ரெண்டு முனையையும் அடையாளம் பாத்து வெட்டி எடுத்து வேற இடத்துல ஒட்டுறது அந்த என்சைம் வேலை. டிஎஸ் பலதும் நடுவுல கிழிஞ்சுபோன ஏசி. முனை இருக்கு, என்சைம் இல்ல. வண்டி ஓட்டத் தெரியாது, யாராவது ஓட்டிட்டு வந்தா பின்னாடி தொத்திக்கும். எந்திரிச்சுப் போற இடத்துல ஒரு தடமும் விட்டுட்டுப் போகும்: உக்காரும்போது அந்த இடத்துல இருந்த 8 எழுத்து ரெண்டு தடவையாகும், துண்டு போன பிறகும் அந்த எக்ஸ்ட்ரா எழுத்து கொஞ்சம் அங்கயே கிடக்கும், சீக்வென்ஸ் பண்ணி, அதாவது எழுத்து எழுத்தா படிச்சுப் பாத்தா இங்க ஒருத்தன் உக்காந்திருந்தான்னு தெரிஞ்சுடும்.

மெக்கிளின்டாக் பாத்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற ஒண்ணு. மணியோட மாவுப் பகுதிக்கும் அது மேல இருக்குற அந்தச் சாய உறைக்கும் குரோமோசோம் மூணு செட், அம்மாகிட்டேர்ந்து ரெண்டு அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு. அதனால ஒரு மணியில ஏசி ஒண்ணு இருக்கலாம், ரெண்டு இருக்கலாம், மூணும் இருக்கலாம். ஏசி ஜாஸ்தியானா குதியும் ஜாஸ்தியாகி பெரிய பெரிய திட்டா வரணும்னுதானே நினைப்போம்? தலைகீழ். ஏசி கூடக் கூட குதி தள்ளிப்போகும், புள்ளி பொடியாகும். ஆள் ஜாஸ்தி போட்டா வேலை லேட்டாகுறத எல்லா ஆபீஸ்லயும் பாத்திருக்கோம், சோளத்துலயும் அதேதான் போல.

சரி, புள்ளி மணி அழகு. ஆனா அது வெட்டி ஒட்டுற கும்பல், எண்ணிக்கையில பாத்தா சின்னக் கும்பல். தானியங்களோட ஜீனோம (ஒரு உயிரோட மொத்த டிஎன்ஏ) அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்குறது இன்னொரு கும்பல், ரெட்ரோடிரான்ஸ்போசான். இதுங்க எந்திரிக்கவே எந்திரிக்காது. தன்ன ஆர்என்ஏவா (டிஎன்ஏவோட தம்பி மாதிரி ஒரு மூலக்கூறு) ஒரு நகல் எடுத்து, அந்த நகலத் திரும்ப டிஎன்ஏவா மாத்தி, அத வேற இடத்துல செருகும். எச்ஐவி வைரஸ் பண்ற வேலைக்கும் இதுக்கும் ரொம்ப நெருங்கிய சொந்தம். பழசும் இருக்கும், புதுசும் இருக்கும், ஒவ்வொரு தடவையும் ஜீனோம் ஒரு சுத்து பெருக்கும்.

கணக்கப் பாருங்க. அரிசி ஜீனோம் சுமார் 39 கோடி எழுத்து (2005ல முடிஞ்சுது, ஜப்பான் தலைமையில பல நாடு சேந்து பண்ணது, அதுல இந்தியாவும் உண்டு, 11ஆம் குரோமோசோம்ல வேலை டெல்லியில நடந்துச்சு). மக்காச்சோளம் 230 கோடி, 2009ல வந்துச்சு. கோதுமை 1600 கோடி, அதனால அது ஒழுங்கா முடிய 2018 ஆச்சு. நம்ம ஜீனோம் 310 கோடிதான், அதாவது சப்பாத்தி போடுற கோதுமைக்கு நம்மளவிட அஞ்சு மடங்கு. ஜீன் எண்ணிக்கை அந்த மாதிரி ஏறுதான்னா இல்ல, அரிசிக்கு முப்பத்தேழாயிரம் சொச்சம், மக்காச்சோளத்துக்கு முப்பத்திரண்டாயிரம் சொச்சம். கோதுமைக்கு ஒரு லட்சத்துக்கு மேல, ஆனா அது மூணு புல் ஒண்ணா சேந்த கூட்டுக்குடும்பம், மூணால வகுத்தா அதே முப்பத்தஞ்சாயிரம் பக்கம் வந்து நிக்குது. அப்போ மிச்சம் என்ன? மக்காச்சோளத்துல சுமார் 85 சதவீதம் இந்தக் குதிக்கிற துண்டு, இல்லன்னா ஒரு காலத்துல குதிச்சு இப்போ செத்துக்கிடக்குற துண்டு. கோதுமையிலயும் 85 பக்கம்தான். அரிசியில மூணுல ஒரு பங்கு.

மக்காச்சோளத்துல இதுங்க எப்படிக் கிடக்குதுன்னு 1996ல பில் சான்மிகெல், ஜெஃப் பென்னட்சென் கூட்டம் காட்டுனாங்க. ஒரு ஜீனச் சுத்தி இருக்குற ரெண்டரை லட்சம் எழுத்துப் பகுதிய எடுத்துப் பாத்தா பாதிக்கு மேல ரெட்ரோடிரான்ஸ்போசான், அதுவும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. பொங்கலுக்கு ஊருக்குப் போற பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் புடிப்போம்ல, அந்தத் துண்டு மேலயே இன்னொருத்தன் துண்டு போட்டு, அதுக்கு மேல மூணாவது ஆள் துண்டு போட்ட மாதிரி. இங்க துண்டு போடுறதே ஒரு துண்டுதான், அது வேற விஷயம். பக்கத்து சொந்தமான வெள்ளைச்சோளத்துல அதே ஜீன் பக்கம் இந்தக் கூட்டமே இல்ல.

எந்தத் துண்டு எப்போ வந்துச்சுன்னு தேதி குறிக்கவும் ஒரு வழி இருக்கு, இது எனக்கு ஜோசியம் மாதிரி பிடிக்கும். இந்த ரகத்துக்கு ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி ஒரு நீள எழுத்து வரிசை இருக்கும். புதுசா செருகுற நேரத்துல ரெண்டு முனையும் அச்சு அசல் ஒண்ணு, ஏன்னா நகல் எடுக்குற முறையே அப்படி. அதுக்கப்புறம் ரெண்டும் தனித்தனியா எழுத்துப் பிழை சேத்துக்கிட்டே போகும். ஒரு கணக்குக்கு முனை 1200 எழுத்துன்னு வைங்க, ரெண்டுக்கும் நடுவுல 31 எழுத்து வித்தியாசம்னு வைங்க. புல் குடும்பத்துக்கு வழக்கமா எடுத்துக்குற பிழை வேகம் ஒரு எழுத்துக்கு 10 கோடி வருஷத்துல 1.3 தடவை. ரெண்டு பக்கமும் பிழை சேருறதால இரட்டிச்சு வகுத்தா கிட்டத்தட்ட 10 லட்சம் வருஷம். மக்காச்சோளத்துல இப்படி ஒவ்வொண்ணா கணக்குப் போட்டுப் பாத்தா பெரும்பாலானது கடைசி சில பத்து லட்ச வருஷத்துல வந்ததுங்க, பரிணாமக் கணக்குல நேத்து சாயங்காலம்.

இந்த விஷயம் மண்டையில ஒழுங்கா ஏறாததால எனக்கு லேப்ல முதல் வருஷமே மானம் போச்சு. கோதுமை டேட்டா குடுத்திருந்தாங்க, ஒரு சின்ன வரிசைய ஜீனோம் முழுக்கத் தேடச் சொன்னாங்க. தேடுறதுக்கு முன்னாடி திரும்பத் திரும்ப வர்ற பகுதிகள மறைக்கணும், அது பால பாடம், நான் மறைக்கல. நான் தேடுனதுல பாதி ஒரு ரெட்ரோடிரான்ஸ்போசான் வால். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரன் குடுத்துட்டு வீட்டுக்குப் போய் சாம்பார் வெச்சு சாப்பிட்டுத் தூங்கிட்டேன், திங்கக்கிழமை வந்து பாத்தா அது கோதுமையில கண்ட இடத்துலயெல்லாம் ஆமாம் ஆமாம்னு தலையாட்டி, அத்தனையையும் ஃபைல்ல எழுதி, எல்லாரும் பகிர்ந்துக்குற டிஸ்க் முழுக்க நிரம்பி, லேப்ல ஒருத்தராலயும் ஒரு ஃபைல்கூட சேவ் பண்ண முடியல. யாரோட ஜாப்னு எல்லாரும் பாக்குற மாதிரி என் பேர் அங்கயே தெரியும். கைடு திட்டல, "வெல்கம் டு வீட்"னு (வீட்னா கோதுமை) மட்டும் சொன்னார். திட்டியிருந்தா பரவால்ல.

கோதுமை ஜீனோம் முடிக்க அவ்ளோ வருஷம் ஆனதுக்குக் காரணமும் இதேதான். பழைய மெஷின் 150 எழுத்து மாதிரி பொடிப்பொடியாத்தான் படிச்சுக் குடுக்கும், அத ஒட்டவெச்சு முழு வரிசை ஆக்கணும். ஒரு பாட்டு நோட்டக் கிழிச்சு ஒரு வரி ஒரு வரியா குடுத்தா, சரணத்த சேத்துடலாம், ஆனா கையில இருக்குற வரி பல்லவின்னா அது எந்தச் சரணத்துக்கு அப்புறம் வந்த பல்லவின்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? கோதுமை முக்காலே மூணு வீசம் பல்லவி. இப்போ ஒரே மூச்சுல பதினஞ்சாயிரம் இருபதாயிரம் எழுத்து படிக்கிற மெஷின் வந்தாச்சு, பல்லவியோட ரெண்டு பக்கச் சரணமும் சேந்தே வரும், இன்னிக்கு சேர்ற புதுப் பசங்களுக்கு எங்க கஷ்டம் புரியாது.

இப்படிப் பெருத்துட்டே போனா எங்க போய் முடியும்? முடியாது, ஏன்னா கழிவும் இருக்கு. அரிசி இதுல கெட்டிக்காரி. ஒரு துண்டோட ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருக்குறதால செல்லு சில சமயம் குழம்பி ரெண்டு முனையையும் ஒட்டி நடுவுல இருக்குறத வெளிய தள்ளிடும், ஒத்த முனை மட்டும் மிச்சம் நிக்கும், வீட்ட இடிச்சாலும் வாசப்படி நிக்குற மாதிரி. அரிசி ஜீனோம்ல இந்த ஒத்தை வாசப்படிங்க ஏராளம். அதே அரிசிக் குடும்பத்துல ஆஸ்திரேலியாவுல காட்டுல வளர்ற ஒரு ஜாதி இருக்கு, ஒரைசா ஆஸ்திரேலியென்சிஸ், அது அடிச்ச கூத்து வேற: மூணே மூணு ரெட்ரோடிரான்ஸ்போசான் குடும்பம் கடைசி 30 லட்சம் வருஷத்துல பெருகி ஜீனோம் சைஸ ரெண்டு மடங்காக்கிடுச்சு. 2006ல கண்டுபிடிச்சவங்க பிரெஞ்சுக்காரங்க, அந்தக் குடும்பத்துல ரெண்டுக்கு கங்காரு, வல்லபின்னு (கங்காருவோட சின்னச் சொந்தம்) பேரு வெச்சாங்க. வேற என்ன வைப்பாங்க.

அடுத்து எல்லாரும் கேக்குற கேள்வி, இது குப்பையா இல்லையா. இதுல எனக்கு ரெண்டு கோஷ்டி மேலயும் கடுப்பு. ஒரு கோஷ்டி எல்லாம் குப்பைன்னு துடைச்சுப் போடும், இன்னொரு கோஷ்டி யூட்யூப்ல வந்து "இயற்கை எதையும் வீணா படைக்காது"ன்னு ஆரம்பிக்கும். பெரும்பாலான துண்டு தனக்காகத்தான் பெருகுது, செடிக்காக இல்ல. செடியும் சும்மா இல்ல, டிஎன்ஏ மேல மெத்தில்னு ஒரு பூட்டு போட்டு, குட்டிக் குட்டி ஆர்என்ஏவ போலீஸா விட்டு அமுக்கி வெச்சிருக்கு, அந்தப் போலீஸ் வேலைக்கே தனியா ஒரு டிபார்ட்மென்ட் நடத்துது. ஆனா இத்தனை லட்சம் துண்டு விழுந்து புரண்டா ஒண்ணு ரெண்டு நல்ல இடத்துல விழத்தான் செய்யும், அத விவசாயி பாத்துப் புடிச்சுக்குவான்.

நல்ல உதாரணம் மக்காச்சோளமே. அதோட காட்டு மூதாதை டியோசிண்டேன்னு ஒரு புல்லு, மெக்சிகோவுல இருக்கு, பாத்தா சோளம்னு சொல்லவே மாட்டீங்க, தூர் கட்டி பக்கக்கிளை பக்கக்கிளையா வெடிச்சு நிக்கும், ஒவ்வொண்ணுலயும் விரல் நீளத்துக்குக் குட்டிக் கதிர். நெல்லு தூர் கட்டுனா நமக்கு சந்தோஷம், ஆனா சோளத்துல ஒத்தைத் தண்டுல பெரிய கதிர் வேணும். கிளை வெடிக்கறத அடக்குற ஒரு ஜீன் இருக்கு, டிபி1னு பேரு. அதுலேர்ந்து சுமார் 60 ஆயிரம் எழுத்து தள்ளி ஹாப்ஸ்காட்ச்னு ஒரு ரெட்ரோடிரான்ஸ்போசான் வந்து உக்காந்திருக்கு, அது உக்காந்ததால அந்த ஜீனோட வேலை சுமார் ரெண்டு மடங்கு. ஜான் டோப்லி லேப் 2011ல போட்ட கட்டுரை இது. ஹாப்ஸ்காட்ச்னா நம்ம பாண்டி ஆட்டம், கட்டம் போட்டு ஒத்தக்கால்ல தாண்டுவோமே, அது. இதுல அழகு என்னன்னா அந்தத் துண்டு அங்க வந்தது மனுஷன் சோளத்தப் பழக்குறதுக்கு முன்னாடி, காட்டுச் செடிகள்ல சிலதுல சும்மா இருந்துச்சு. சுமார் 9000 வருஷம் முன்னாடி தென்மேற்கு மெக்சிகோவுல பால்சாஸ் ஆத்துப் பள்ளத்தாக்குல யாரோ ஒரு அம்மாவோ ஐயாவோ கிளை கம்மியா இருக்குற செடியாப் பாத்துப் பாத்து விதை எடுத்து வெச்சிருக்காங்க, டிஎன்ஏவும் தெரியாது ஒரு மண்ணும் தெரியாது, ஆனா பொறுக்குனது ஒரு குதிக்கிற துண்ட.

அப்புறம் வெப்பமண்டலச் சோளம் பகல் சின்னதா இருந்தாத்தான் ஒழுங்கா பூக்கும், இங்க கோடையில ராத்திரி ஒம்போது மணி வரைக்கும் வெளிச்சம். அந்தப் பிடிவாதத்தத் தளர்த்துனதுலயும் ஒரு துண்டுக்குப் பங்கு உண்டு, பூக்கறதத் தள்ளிப்போடுற ஒரு ஜீனோட வாசல்ல போய் உக்காந்து அத அடக்கிடுச்சு. நான் இருக்குற இந்த ஊர் வரைக்கும் சோளம் வந்து சேர்ந்த கதையில அதுவும் ஒரு அத்தியாயம். தினையும் இதே மாதிரி. கிழக்காசியாவுல சமைச்சா பிசின் மாதிரி ஒட்டுற தினை வெச்சிருக்காங்க, மாவுச்சத்து தயாரிக்கிற ஒரு ஜீனுக்குள்ள துண்டு விழுந்து அது கெட்டதால வந்த ஒட்டு அது, அதுவும் ஒரு தடவை இல்ல, தனித்தனியா பல தடவை.

குதிச்சுட்டே இருக்குற அரிசியும் இருக்கு. ஜப்பான்ல கிம்போசுன்னு ஒரு பழைய ரகம், அதுல எம்பிங்னு 430 எழுத்துல ஒரு சுண்டைக்காய் துண்டு. நிப்பொன்பாரேங்குற ரகத்துல இது 50 காப்பி இருந்தா, கிம்போசு வழியில சில செடியில ஆயிரத்துக்கு மேல, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு செடிக்குப் பத்துக்கணக்குல புதுசா விழுது. செடி செத்துருக்கணுமே? நல்லா இருக்கு. ஏன்னா ஜீனோட உள்பகுதியில பெரும்பாலும் விழாம வாசல்ல விழுது, விழுந்த சில ஜீன் குளிரடிச்சா, உப்பு ஏறுனா வேலைய ஏத்துது. போலீஸ் ஏன் புடிக்கலன்னா, இதுக்குள்ள என்சைம் ஜீன் கிடையாது, என்சைம் குடுக்குறது பிங்னு அண்ணன்காரன், எம்பிங்கப் புடிச்சு அடிச்சாலும் அண்ணன் மாட்டுறதில்ல. டாஸ்17னு இன்னொண்ணு, நிப்பொன்பாரேல ரெண்டே காப்பி, வயல்ல வாயத் திறக்காது, டிஷ்யூ கல்ச்சர் பாட்டில்ல (செடியோட செல்ல லேப்ல வளர்க்குறது) போட்டா மட்டும் முழிச்சுக்கிட்டு அஞ்சுலேர்ந்து முப்பது வரைக்கும் பெருகும். திரும்பச் செடியாக்கி வயல்ல நட்டா மறுபடி தூக்கம். ஹாஸ்டல் பையன் மாதிரி.

இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அப்பாகிட்ட போன்ல சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவர் கேட்டது: "அப்போ இது கம்பெனிக்காரன் ஜீன் மாத்துனதா?" இல்லப்பா, அது தானா மாத்திக்கிட்டது, நீங்க போடுற மஞ்சள் சோளத்துலயும் இத்தனையும் இருக்கு, வெளிய காட்டிக்குடுக்க ஊதாச் சாயம் இல்ல, அவ்ளோதான், ஜிஎம், அதாவது லேப்ல ஜீன் மாத்துன மக்காச்சோளத்துக்கு இந்தியாவுல சாகுபடி அனுமதியே கிடையாதுன்னேன். "அப்போ நான் விக்கிற மூட்டையில முக்காவாசி இந்தக் குதிக்கிறதுதானா?" எடையில இல்லப்பா, எழுத்துல. "எடையில இல்லன்னா சரி"ன்னு விட்டுட்டார்.

மே மாசம் அந்தக் கதிர்லேர்ந்து புள்ளி மணியா பத்து பொறுக்கி பால்கனியில பெரிய தொட்டியில போட்டேன். நாலு முளைச்சுது, ஒண்ண அணில் தின்னுது, ரெண்டு காத்துல சாஞ்சுது. மிச்சம் ஒண்ணு ஜூலையில பூ விட்டுச்சு. சுத்துவட்டாரம் பூரா மஞ்சள் சோளக்காடு, காத்துல வர்ற மகரந்தம் பட்டா நிறைய மணி மஞ்சளாயிடும்னு, முடி வெளிய வர்றதுக்கு முன்னாடியே கதிருக்கு ஒரு காக்கிக் கவர் மாட்டி, காலையில அதே செடியோட ஆண்பூவ உதறித் தூவி திரும்ப மூடி வெச்சேன். மேல் வீட்டுக்காரர் ரெண்டு நாள் பாத்துட்டு ஏன் சோளத்துக்கு முகமூடின்னு கேட்டார். செப்டம்பர்ல உரிச்சா கதிர் என் கட்டை விரல் நீளம், மொத்தம் பதினேழு மணி. ஒம்போது முழு வெளிறல், மூணு முழு ஊதா, அஞ்சுல புள்ளி. அதுல ஒண்ணு பெரிய திட்டு, மிச்சம் பொடிப்புள்ளி.

போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்புனேன். ரெண்டு நீல டிக் விழுந்து ரொம்ப நேரம் பதிலே இல்ல, அப்புறம் வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு.

"ஒரு செடிக்குப் பதினேழு மணியா? வெதைக் காசே தேறாதேடா."